கருகிய அட்டையிலிருந்து 96 காலத் தொகுதிகள் வரை: சூரிய ஒளிக் கணிப்பின் வரலாறு

பழைய வானிலை நிலையங்களின் திறந்தவெளியில் ஒரு கண்ணாடிக் கோளம் நிற்கும். 1853இல் ஜான் பிரான்சிஸ் கேம்பெல் உருவாக்கி, 1879இல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் திருத்தியமைத்த கருவியின் வழிவந்தது அது. கோளம் வெயிலைக் குவித்துப் பின்னாலுள்ள அட்டையைக் கருக்கும். கருகிய தடத்தின் நீளமே அன்றைய வெயில் நேரம். வெயில் எத்தனை மணி அடித்தது என்பதை அட்டை சொல்லும். எவ்வளவு ஆற்றல் வந்தது என்பதைச் சொல்லாது. இந்த இடைவெளியை நிரப்பும் முயற்சியாகவே சூரிய மின்கணிப்பு வளர்ந்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

1924இல் சுவீடனின் ஆண்டர்ஸ் ஆங்ஸ்ட்ரம் மணிக்கணக்கை ஆற்றல் கணக்காக மாற்றினார். ஸ்டாக்ஹோம் பதிவுகளிலிருந்து அவர் கண்டது இது: வானம் நாள் முழுதும் மூடிக் கிடந்தாலும், மேகமற்ற நாளின் கதிர்வீச்சில் ஏறத்தாழ கால் பங்கு தரைக்கு வந்துவிடுகிறது, மற்ற முக்கால் பங்கு வெயில் நேரத்துக்கேற்பக் கூடுகிறது. ஆனால் மேகமற்ற நாளின் அளவு ஒவ்வோர் ஊருக்கும் வேண்டுமே? 1940இல் பிரெஸ்காட், வளிமண்டலத்துக்கு வெளியே விழும் கதிர்வீச்சையே அளவுகோலாக்கினார். அட்சரேகையும் தேதியும் தெரிந்தால் போதும், அதைத் தாளில் கணக்கிட்டுவிடலாம். சூத்திரம் உலகெங்கும் பரவ இந்தச் சிறிய மாற்றமே வழிவிட்டது. அட்டையின் குறைகளும் கூடவே பரவின: காலை இளவெயில் அட்டையைக் கருக்காது; விட்டுவிட்டு அடிக்கும் வெயிலில் தடங்கள் ஒட்டிக்கொண்டு நேரத்தைக் கூட்டிக் காட்டும்.

1960இல் லியூ, ஜோர்டன் இருவரும் மொத்தக் கதிர்வீச்சிலிருந்து சிதறொளியைப் பிரித்தறியும் வழியைத் தந்தனர். சாய்த்து வைத்த பலகையில் நேர்க்கதிரும் சிதறொளியும் வெவ்வேறு விதமாக விழுவதால் இது இன்றியமையாததாயிற்று.

இந்தியாவில் அளவீட்டுக்கே முதலிடம் தந்தவர் அன்னா மாணி. சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்றவர். 1957-58 சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டையொட்டி நாட்டில் கதிர்வீச்சு அளவீட்டு நிலையங்களை அமைத்தார். 1980இல் அவர் வெளியிட்ட இந்தியக் கதிர்வீச்சுத் தரவுக் கையேட்டை, என் மதிப்பில், எந்தச் சூத்திரத்துக்கும் மேலாக வைக்க வேண்டும். சூத்திரத்தின் மாறிலிகளை ஊருக்கு ஊர் சரிபார்க்க அளவீட்டைத் தவிர வேறு கதியில்லை.

1986இல் கானோ குழுவினர் மீட்டியோசாட் செயற்கைக்கோளின் படங்களில் மேகத்தின் வெண்மையைக் கொண்டு தரைக்கு வரும் கதிர்வீச்சைக் கணித்தனர். அட்டை இப்போது வானத்துக்கு ஏறிவிட்டது எனலாம். அங்கும் தரை அளவீடு தேவைப்பட்டது. 2011இல் சென்னையிலுள்ள காற்றாற்றல் மையம் நாடெங்கும் 51 அளவீட்டு நிலையங்களை நிறுவத் தொடங்கியது.

கதிர்வீச்சு தெரிந்தாலும் மின்சாரம் தெரிந்துவிடாது. பேனலின் திறன் 25 டிகிரி செல்சியஸில் குறிக்கப்படுகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சிலிக்கான் பேனல் சுமார் 0.4 சதவீதம் இழக்கிறது. உச்சி வெயிலில் பேனல் 60 டிகிரியைத் தொட்டால் ஏழில் ஒரு பங்கு போய்விடும். அதனால் மாதிரிகளில் வெப்பநிலையும் காற்றின் வேகமும் சேர்ந்தன.

நாளைய வெயிலைச் சொல்வது இன்னும் கடினம். அடுத்த சில நிமிடங்களுக்கு வானப் படக்கருவி, சில மணி நேரத்துக்குச் செயற்கைக்கோளில் தெரியும் மேக நகர்வு, அதற்கப்பால் எண்முறை வானிலை மாதிரி என்று கருவி மாறுகிறது. 2015இல் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் மாநிலங்களுக்கிடையே மின்சாரம் அனுப்பும் சூரிய நிலையங்களுக்கு இந்தக் கணிப்பைக் கட்டாயமாக்கியது. நாள் 96 காலத் தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. கணிப்பு 15 சதவீதத்துக்கு மேல் பிசகினால் கட்டணம் விழும் என்றது அந்த விதி.