கோல்ப் சொற்கள்: நடுவர் இல்லாத ஆட்டத்தின் அகராதி

கல்முனையிலிருந்து பொத்துவில் வரையான எமது கரையோரத்தில் மென்பந்து கிரிக்கெட்டும் உதைபந்தாட்டமும் தெரியாத சிறுவர்கள் குறைவு. கோல்ப் மட்டும் எட்டாத ஆட்டமாகவே இருக்கிறது. கிழக்கில் அதற்கான மைதானத்தைப் பார்க்க திருகோணமலை சீனன்குடாவுக்குத்தான் போகவேண்டும். அங்கே விமானப்படை ஒன்றை நடத்துகிறது. ஆனாலும் வினாயகபுரத்தில் இருந்து விளையாட்டுச் செய்தி வாசிக்கும் என்போன்றவர்களையும் ‘பேர்டி’, ‘போகி’ போன்ற சொற்கள் தடுக்கி விழுத்துகின்றன. அவற்றை விளக்கவே இக்கட்டுரை.

இந்த ஆட்டம் பிரித்தானியருடன் இலங்கைக்கு வந்தது. றோயல் கொழும்பு கோல்ப் கழகம் 1879இலும், நுவரெலியா கழகம் 1889இலும் ஆரம்பமாகின. பொரளையிலுள்ள கொழும்பு மைதானத்தை ஊடறுத்துக் களனிவெளி ரயில் பாதை செல்கிறது.

மைதானம்

ஒரு முழு ஆட்டத்துக்கு 18 குழிகள். முதல் அடி அடிக்கும் இடம் ‘டீ’. குழி நோக்கிய, புல் வெட்டிய பாதை ‘ஃபெயார்வே’. அதன் இருபுறமும் வளர்ந்த புல் ‘ரஃப்’. மணல் நிரப்பிய பள்ளம் ‘பங்கர்’. குழியைச் சுற்றியுள்ள மழமழப்பான புற்தரை ‘கிறீன்’. குழியின் விட்டம் 108 மில்லிமீற்றர். பந்தின் விட்டம் 42.67 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. ஒருவர் 14 மட்டைகள் வரை கொண்டுசெல்லலாம்.

புள்ளிக் கணக்கு

தேர்ந்த வீரர் ஒரு குழியை முடிக்கத் தேவைப்படும் அடிகளின் எண்ணிக்கை ‘பார்’. அது பெரும்பாலும் 3, 4 அல்லது 5. அதைவிட ஓர் அடி குறைந்தால் ‘பேர்டி’, இரண்டு குறைந்தால் ‘ஈகிள்’, மூன்று குறைந்தால் ‘அல்பட்ரோஸ்’. ஓர் அடி கூடினால் ‘போகி’. பறவைகளின் பெயரெல்லாம் கெட்டிக்காரருக்கு; கழகங்களில் பொழுதுபோக்காக ஆடுபவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது போகியும் இரட்டைப் போகியும்தான்.

தவறுகள்

வலக்கையாளர் அடித்த பந்து வலப்பக்கம் வளைந்து ஓடுவது ‘ஸ்லைஸ்’. மட்டை வீசப்படும் பாதைக்கு அதன் முகம் வலப்புறம் திறந்திருப்பதே காரணம். அதைச் சரிசெய்யப் புதியவர் இன்னும் இடப்பக்கம் திரும்பி நிற்பார்; வீச்சு மேலும் குறுக்காகும், பந்து முன்னையதைவிட அதிகமாக வளையும்.

மட்டையின் தண்டு பொருந்தும் மூலையில் பட்டுப் பந்து பக்கவாட்டில் பறப்பது ‘ஷாங்க்’. பந்துக்கு முன் நிலத்தை வெட்டி, பந்தைவிட மண்கட்டியை அதிக தூரம் அனுப்புவது ‘டஃப்’. பந்தில் படாமல் காற்றை அடிப்பது ‘விஃப்’. “ஒத்திகைதான் பார்த்தேன்” என்று சமாளிப்பவர்கள் உண்டு. ஆனால் பந்தை அடிக்கும் எண்ணத்தோடு வீசியிருந்தால் அதுவும் ஓர் அடியே. பந்து ஆட்களை நோக்கிப் பறந்தால் ‘ஃபோர்!’ என்று கத்த வேண்டும்.

சலுகைகள்

கெட்டுப்போன அடியை மறந்து மறுபடி அடிப்பது ‘மலிகன்’. விதிப் புத்தகத்தில் இது இல்லை. குழிக்கு அருகிலுள்ள பந்தை விழுந்ததாக விட்டுக்கொடுப்பது ‘கிம்மி’. எதிராளியோடு குழிக்குக் குழி மோதும் போட்டியில் மட்டுமே செல்லும். தொலைந்த பந்தைத் தேட 2019 முதல் 3 நிமிடங்கள்தான்; முன்னர் 5.

ஹண்டிகெப்

பலமற்றவரும் பலசாலியும் சமமாக ஆடத் தரப்படும் சலுகை அடிகள் இவை. ஹண்டிகெப் 20 உள்ளவர் 95 அடிகளில் முடித்தால் அவரது நிகரக் கணக்கு 75. உச்ச அளவு 54. இது ஒருவர் முன்னர் ஒப்படைத்த அட்டைகளிலிருந்து கணிக்கப்படுகிறது. எனவே அடியை மறைப்பவரும், சலுகைக்காக வேண்டுமென்றே மோசமாக ஆடும் ‘சாண்ட்பேகரும்’ மற்றவரின் வெற்றியையே எடுக்கிறார்கள்.

இந்தச் சொற்களில் பாதி தவறுகளின் பெயராக இருப்பதற்கு எனக்குத் தெரியும் காரணம் இதுவே: வழமையான ஆட்டத்தில் கூடவே நடக்கும் நடுவர் இல்லை. தன் தவறைத் தானே பெயர் சொல்லி எண்ண வேண்டும். 1925 அமெரிக்க ஓப்பன் போட்டியில் பொபி ஜோன்ஸ், தன் பந்து அசைந்ததாகத் தானே சொல்லி ஓர் அடியைத் தண்டமாக ஏற்றார். முடிவில் சமநிலை, மேலதிக ஆட்டத்தில் வில்லி மக்ஃபார்லேனிடம் ஓர் அடியால் தோற்றார். அந்தத் தண்டம் இல்லையேல் கிண்ணம் அவருக்கே.