போர் கழித்துப்போட்டவை

சாப்பர் என்ற பெயரே வெட்டுதலைச் சுட்டுவது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் மலிவாகக் கிடைத்த இராணுவ மோட்டார் சைக்கிள்களிலிருந்து மட்கார்டு முதலான சுமைகளை வெட்டியெறிந்த ஆர்வலர்களிடமிருந்தே அப்பாணி கிளைத்தது.

சென்னைக்கு வடக்கே அதே போர் விட்டுச்சென்றது சோழவரம் விமான ஓடுதளம். 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வருவதற்கு முன் தென்னகத்து வேகப் பித்தர்களின் களம் அதுவே.

1985இல் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100 வெறும் 98 சிசி. தந்ததோ 11 குதிரைத்திறன். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் சிலிண்டர்ச் சுவரிலுள்ள துளைகளின் வடிவும் உயரமும் ஆற்றலைப் பெரிதும் வரையறுக்கும். ஆகவே அரமும் பொறுமையும் உடைய மெக்கானிக் ஒருவரால் தொழிற்சாலையின் கணக்கையே திருத்த முடிந்தது. இக்கைத்திறனைத் தொழில்நுட்ப வரலாறு போதிய அளவு பொருட்படுத்தவில்லை.

இங்குள்ள சாப்பர்கள் பலவற்றுக்கு உடல் தந்த புல்லட்டும் இராணுவ வழி வந்ததே. படையின் தேவையையொட்டி 1955இல் சென்னையில் அதற்கென நிறுவனம் அமைந்தது. ஆனால் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை விளக்கி, தயாரிப்பாளரின் மூல வரையறையினின்று மாறுபடுமாறு வண்டியைத் திருத்தலாகாது என்றது. வெட்டுதலையே இலக்கணமாகக் கொண்ட வண்டிக்கு அத்தீர்ப்பு விட்டுவைத்த இடம் பெரும்பாலும் கண்காட்சி மேடைதான்.