பிடிப்பாளரின் விரல்கள்

பிடி அரிசி என்றால் என்னவென்று விருதுநகர் மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. உலையிலிடும் அரிசியில் ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிப்பானையில் சேர்த்து, அதைத் திரட்டிப் பள்ளிக்கூடம் நடத்திய ஊர் அது. வணிகர்கள் தம் வரவில் ஒரு பகுதியை மகமை என ஒதுக்கினர். இல்லங்கள் அரிசி அளந்தன. விருதுப்பட்டி என்ற பெயரோடு அவ்வூர் விளங்கிய அந்நாளில் சத்திரிய வித்தியாசாலை அவ்வாறே வளர்ந்தது. 1903-இல் பிறந்த காமராசர் எழுத்தறிந்த பள்ளிகளுள் அதுவும் ஒன்று.

ஊரார் ஏன் அரிசி சேர்த்துப் பள்ளி நடத்த வேண்டும்? பிறர் கதவு அடைத்திருந்ததால்! 1897-இல் கமுதிக் கோயிலுள் நுழைந்ததற்காக நாடார் சமூகத்தார்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. அவ்வழக்கு கடல் கடந்து இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908-இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. இடையில், 1899-இல், கோயில் நுழைவுப் பூசலின் விளைவாகச் சிவகாசி சூறையாடப்பட்டது. உயிர்கள் மாண்டன, வீடுகள் எரிந்தன. 1939 சூலை 8 அன்றுதான் மதுரை மீனாட்சி கோயிலின் வாயில் அவர்களுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் திறந்தது. அவ்வாண்டே அதற்குச் சட்டத்தின் துணையும் கிடைத்தது.

கதவு திறந்தது; நன்று. ஆனால் கதவு திறப்பது வேறு, உள்ளே வந்தவரின் சொல் அங்கே செல்லுபடியாவது வேறு. வந்தவரின் உழைப்பை வரவேற்கும் உலகம், அவர்தம் அறிவையும் வரவேற்கிறதா? அவர் வழி நடத்தினால் பின்தொடர்கிறதா? இந்தக் கேள்விக்கு விடை தேடும் நாம், அமெரிக்க நாட்டின் ஆடுகளம் ஒன்றைக் காண வேண்டியவர்களாகிறோம். அங்கே ஒரு விளையாட்டில், வழி நடத்துவதையே தொழிலாகக் கொண்ட ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தில் அமர்ந்த கறுப்பு மனிதர்களின் வரலாறு, நமது கேள்விக்குக் கண்ணாடிபோல் விடை காட்டுகிறது.

பேஸ்பால் என்பது அந்த ஆட்டத்தின் பெயர். நம் நாட்டுக் கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவு. எறிவாளர் பந்தை எறிவார். எதிரணியார் மட்டையால் அடிப்பார். மட்டையாளருக்குப் பின்னே, முழங்கால் மடித்துக் குந்தியிருந்து பந்தைப் பற்றுபவரே பிடிப்பாளர். நம்மவர் விக்கெட் கீப்பர் என அழைக்கும் ஆட்டக்காரரை ஒத்தவர்; ஆனால் பொறுப்பில் அவரினும் பெரியவர். முகத்திலே கம்பிக்கூடு, மார்பிலே மெத்தை, கணுக்காலுக்கு மேலே காப்பு. இக்காப்புக் கருவிகளை அந்நாட்டார் ‘அறியாமையின் கருவிகள்’ என்று கேலியாகக் குறிப்பிடுவர். உண்மையோ நேர்மாறு! தம் அணியில் மற்றவர் அனைவரும் பிடிப்பாளரை நோக்கி நிற்க, அவர் ஒருவரே ஆடுகளம் முழுவதையும் எதிர்நோக்கி அமர்ந்திருக்கிறார். அடுத்த பந்து விரைந்து வர வேண்டுமா, வளைந்து வர வேண்டுமா என்பதைத் தொடைகளுக்கிடையே மறைத்த விரல்களால் எறிவாளருக்குக் குறிப்பால் உணர்த்துபவர் அவரே. எறிவது ஒருவர் கை. எண்ணுவது பிடிப்பாளரின் தலை.

இப்போது 1884-ஆம் ஆண்டுக்கு வாருங்கள். அடிமை முறை ஒழிந்து இருபது ஆண்டுகளே ஆகியிருந்த காலம். டொலிடோ நகர அணியில் மோசஸ் ஃபிளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பர் பிடிப்பாளராக ஆடினார். ஓபர்லின் கல்லூரியில் பயின்றவர். முதல்நிலைத் தொடர் ஒன்றில் அவ்வாண்டு 42 ஆட்டங்கள் ஆடினார். அதே அணியில் டோனி முல்லேன் என்ற வெள்ளை எறிவாளர் இருந்தார். பிற்காலத்தில் அவரே ஓர் உண்மையை ஒப்புக்கொண்டார். தாம் கண்ட பிடிப்பாளர்களில் வாக்கரே சிறந்தவர் என்றும், ஆயினும் கறுப்பரைத் தமக்குப் பிடிக்காததால் அவருடைய விரற்குறிப்பைப் பாராமல் தம் மனம்போல் பந்தெறிந்ததாகவும் சொன்னார்.

இதை நாம் ஊன்றி நோக்க வேண்டும். வாக்கரின் திறமையை முல்லேன் மறுக்கவில்லை. பந்தை அவர் பற்றட்டும், விரல் நசுங்கட்டும், அணிக்காக உழைக்கட்டும்! ஆனால் அவர் குறிப்புக்குத் தாம் இணங்குவதா? கையை ஏற்றவர் கருத்தை ஏற்க மறுத்தார். மேல்சாதி மனப்பான்மையின் முழு உருவமும் இந்த ஒரு செயலில் இருக்கிறது. எந்த வகைப் பந்து வருமென்று அறியாமலே அதைப் பற்ற வேண்டிய நிலை வாக்கருக்கு. அக்காலப் பிடிப்பாளருக்கோ இன்றைய காப்புகளும் இல்லை.

1887-இல் சிகாகோ அணித் தலைவர் கேப் ஆன்சன், கறுப்பர் இடம்பெறும் அணியோடு ஆட மறுத்தார். 1889-க்குப் பின் வாக்கருக்கும் இடமில்லை. கறுப்பருக்குத் தடை என்று ஏட்டில் எழுதிய சட்டம் ஏதுமில்லை. ஆயினும் வெள்ளையர் தொழில்முறை ஆட்டத்தின் கதவு இறுக அடைபட்டது. எழுதாத சட்டத்தின் வலிமை நமக்குத் தெரியாததா? நம் நாட்டில் பொதுக்கிணற்றைக் காத்ததும் அந்தச் சட்டம்தானே!

கறுப்பர்கள் தமக்கெனத் தனி அணிகளும் தனித் தொடர்களும் அமைத்தார்கள். விருதுநகரார் பள்ளி கண்டதுபோல அவர்கள் ஆடுகளம் கண்டார்கள். அங்கே விளங்கியவர் ஜோஷ் கிப்சன் என்ற பிடிப்பாளர். 1911-இல் ஜியார்ஜியாவில் பிறந்தவர். அவர் அடித்த பந்துகளின் தொலைவைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். பெரிய அணிகளின் அழைப்பு அவருக்கு வரவேயில்லை. 1947 சனவரி 20 அன்று, 35-ஆம் வயதில் மறைந்தார். அதே ஆண்டு ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்க, 58 ஆண்டுக்காலக் கதவு திறந்தது. மூன்று மாதம் முந்தி மூடிய கண்கள் அதைக் காணவில்லை. கறுப்பர் தொடர்களின் கணக்குகள் 2024-இல்தான் பெரிய தொடர்களின் ஏட்டிலே சேர்க்கப்பட்டன. சேர்த்துப் பார்த்தபோது, எல்லாக் காலத்து மட்டையாளர்களின் சராசரியிலும் கிப்சனே முதலிடம் பெற்றார். பரிசு வந்தது, பெறுவோர் போன 77 ஆண்டுகள் கழித்து!

அமெரிக்காவைப் பழிக்குமுன் நமது முற்றத்தையும் சற்றே பார்ப்போம். பூனாவில் பல்வங்கர் பாலு என்ற தாழ்த்தப்பட்ட வகுப்புப் பந்துவீச்சாளர் இருந்தார். வெள்ளையரை வெல்ல அவர் கை தேவைப்பட்டது. ஆகவே இந்து அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டனர். தேநீர் வேளையிலோ அவருக்கு வெளியே மண்குவளை! 1911-இல் இங்கிலாந்து சென்று 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆயினும் இந்து அணியின் தலைமை அவருக்கு வழங்கப்படவில்லை. 1923-இல்தான் அவர் தம்பி விட்டலுக்கு அது கிட்டியது. பந்து வீசலாம், ஆணையிடலாகாது. பூனாவுக்கும் டொலிடோவுக்கும் இடையே கடல் இருந்தது. கருத்தில் வேற்றுமை இல்லை.

இனி, குறிப்பை ஏற்க வைத்தவரின் கதை. ராய் காம்பனெல்லா 1921 நவம்பர் 19 அன்று பிலடெல்பியாவில் பிறந்தார். தந்தை இத்தாலிய வழியினர், காய்கனி விற்றவர், தாய் கறுப்பினத்தவர். 1937-இல், பதினைந்து வயதில், கறுப்பர் தொடரில் ஊதியம் பெறும் பிடிப்பாளரானார். பிஸ் மேக்கி என்ற மூத்த பிடிப்பாளர் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். கால் பதிப்பது, எறிவாளர் மனமறிவது, மட்டையாளரின் குறையறிவது எல்லாம் அவரிடம் கற்ற பாடங்கள். அந்த வாழ்வோ கடினமானது. பேருந்திலே உறக்கம், வழியிலுள்ள உணவகங்களில் பல அவர்களுக்கு மூடியிருக்கும். ஒரே நாளில் நான்கு ஆட்டங்களில் குந்தியிருந்து பந்து பிடித்ததைக் காம்பனெல்லாவே கூறியிருக்கிறார்.

1946-இல் டாட்ஜர்ஸ் நிறுவனம் அவரை நாஷுவா என்ற சிற்றூர் அணிக்கு அனுப்பியது. ஒருநாள் நடுவருடன் வாதிட்டு வெளியேற்றப்பட்ட மேலாளர் வால்ட்டர் ஆல்ஸ்டன், அணியை நடத்தும் பொறுப்பைக் காம்பனெல்லாவிடம் ஒப்படைத்துச் சென்றார். வெள்ளையர் நிறைந்த அணி கறுப்பரின் ஆணைப்படி ஆடியது. வானம் இடிந்து விழவில்லை. வெற்றிதான் வந்து சேர்ந்தது!

1948-இல் அவர் புரூக்ளின் அணிக்கு வந்தார். பத்துப் பருவங்கள் ஆடினார். 1951, 1953, 1955 ஆகிய மூன்று ஆண்டுகளில் தம் தொடரின் தலைசிறந்த ஆட்டக்காரர் எனத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1953-இல் மட்டும் 41 முறை பந்தை எல்லை கடக்க அடித்தார். தளம் திருட ஓடியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களை அவர் எறிந்த பந்து வீழ்த்தியது. 1954-இல் கை பழுதுற்று அறுவை செய்துகொண்டார்; ஆட்டம் குன்றியது. மறு ஆண்டே மீண்டெழுந்தார். புரூக்ளின் அணி முதன்முறையாக உலகத் தொடரை வென்றது.

இந்த எண்களைவிட நாம் போற்றுவது வேறொன்று. கார்ல் எர்ஸ்கின் என்ற வெள்ளை எறிவாளர் 1952-இலும் 1956-இலும், எதிரணி ஒருமுறையேனும் செம்மையாக அடித்துத் தளம் ஏற இயலாதபடி ஆட்டத்தை முடித்தார். எறிவாளர் வாழ்வில் கிடைத்தற்கரிய பேறு அது. இருமுறையும் எதிரே குந்தியிருந்து விரல் காட்டியவர் காம்பனெல்லா. 1884-இல் முல்லேன் பார்க்க மறுத்த அதே விரல்! வாக்கரின் குறிப்பை அலட்சியம் செய்த வெறுப்பு எதைச் சாதித்தது? காம்பனெல்லாவின் குறிப்பை ஏற்ற நம்பிக்கை எதைச் சாதித்தது? வரலாறு இரண்டையும் அருகருகே எழுதி வைத்திருக்கிறது.

காம்பனெல்லா சாந்தமானவர், அநீதியைக் கண்டால் ராபின்சனைப்போல் வெடித்தெழுபவர் அல்லர். இதனால் இருவருக்குமிடையே மனக்கசப்பும் உண்டாயிற்று. இவ்வழக்கில் நாம் ராபின்சன் பக்கமே நிற்கிறோம். ஏனெனில் கதவு அமைதியால் திறக்கவில்லை. உடைக்க ஒருவர் தேவைப்பட்டார். எனினும், உடைத்த கதவின் உள்ளே அமர்ந்து, நாள்தோறும் தம் அறிவுக்கு மற்றவரை இணங்கச் செய்த பணியும் சிறியதன்று. முன்னது புரட்சி, பின்னது அதன் விளைச்சல்.

1958 சனவரி 28 அன்று, பனி உறைந்த சாலையில் காம்பனெல்லாவின் கார் சறுக்கிக் கம்பத்தில் மோதியது. கழுத்தெலும்பு முறிந்தது. ஆட்டம் அன்றோடு முடிந்தது. எஞ்சிய வாழ்வு சக்கர நாற்காலியில். 1959 மே 7 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் அரங்கில் அவருக்காக ஓர் ஆட்டம் நடந்தது. வந்தவர்கள் 93,103 பேர். இடைவேளையில் விளக்குகள் அணைக்கப்பட்டன. பழைய அணித்தோழர் பீ வீ ரீஸ், தென்மாநிலத்தில் வளர்ந்த வெள்ளையர், நாற்காலியைத் தள்ளி வந்தார். வேண்டுகோளை ஏற்று மக்கள் ஆளுக்கொரு தீக்குச்சியைக் கிழித்தனர். இருண்ட அரங்கம் விண்மீன் காடாயிற்று. 1969-இல் அவர் பேஸ்பால் புகழ்மன்றத்தில் இடம்பெற்றார், 1993-இல் மறைந்தார். இடைப்பட்ட ஆண்டுகளில் இளம் பிடிப்பாளர்களுக்கு நாற்காலியில் இருந்தபடியே பாடம் சொன்னார். கால் இயங்கவில்லை, கை தளர்ந்தது. ஏற்கப்பட்ட கருத்து மட்டும் இறுதிவரை இயங்கியது.

தீக்குச்சி என்றதும் நமக்குச் சிவகாசி நினைவுக்கு வருவது இயல்பு. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தனர். மழை பொய்த்த மண்ணில் தொழில் தழைத்தது. பின்னர்ப் பட்டாசும் வளர்ந்தது. சூறையாடப்பட்ட ஊர் நாட்டுக்கே ஒளி விற்கும் ஊராயிற்று. பெருமைதான்! பெருமைக்குரியோரிடமே கேள்வியும் கேட்க வேண்டும்.

மருந்துக் கலவை அறையில் அமர்ந்திருப்பவர் யார்? வெயில் ஏறும்போது கலவையின் குணம் மாறுவதை முதலில் அறிபவர் யார்? ஓர் அறையில் இத்தனை பேர்தான் என்ற விதி மீறப்படுவதையும், உள்குத்தகைக்கு விட்ட கொட்டகையில் சரக்கு குவிவதையும் நேரில் காண்பவர் யார்? கூலி வாங்கும் தொழிலாளி. அவருள் பலர் பெண்கள், பலர் தாழ்த்தப்பட்டோர். பிடிப்பாளரைப்போல் களம் முழுவதையும் காண்பவர் அவர்தான். ‘இன்று வேண்டாம், நிறுத்துங்கள்’ என்று அவர் குறிப்புக் காட்டினால் நிறுத்துவார் உண்டா? 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னும் அவ்வட்டாரத்தில் வெடிவிபத்துகள் ஓயவில்லை. விபத்து நேர்ந்தபின் இழப்பீடு பேசுகிறோம். நேருமுன் விரல் காட்டியவரைக் கேட்டோமா?

அடைத்த கதவை அரிசி சேர்த்துத் திறந்த மக்களுக்கு இது புரியாத பாடமன்று. ஒருவரை உள்ளே விட்டுவிட்டோம் என்பதால் சமத்துவம் வந்துவிடாது. அவர் கையால் பயன்பெறுவதை ஆண்டையும் செய்தான். நம்மினும் தாழ்ந்தவர் என உலகம் சொன்ன ஒருவர் குறிப்புக் காட்டும்போது, அது சரியென்றால் அதன்படி நடக்கிறோமா? அந்த ஒரு நொடியில்தான் நாம் முல்லேனா எர்ஸ்கினா என்பது தெரிகிறது.