நண்பகல் பூவின் ஓரெழுத்து

தென்னாப்பிரிக்காவில் வடக்கே ஸ்வார்ட்பெர்க், தெற்கே லாங்கெபெர்க் மலைகளுக்கு நடுவே நீண்டு கிடக்கிறது லிட்டில் கரூ என்ற வறண்ட பள்ளத்தாக்கு. 'கரூ' என்பதே வறட்சியைக் குறிக்கும் கொய்கொய் மக்களின் சொல். அங்கே வெள்ளைக் கூழாங்கற்களோடு கூழாங்கல்லாகக் கிடக்கும் ஒரு செடியில், இணையிலைகளில் ஒன்று பெருத்தும் மற்றது சிறுத்தும் இருக்கும். லத்தீனில் 'கிப்பா' என்றால் கூன். செடியின் பெயர் கிப்பேயம். பார்த்ததைச் சொன்ன பெயர்.

இதன் உறவுச் செடிகளுக்கு வாய்த்த பெயரின் கதை இவ்வளவு எளிதல்ல. டான்சிக் நகர வணிகரும் தாவர அறிஞருமான யாக்கோப் பிரெய்னே 1684-இல் இவற்றை 'மெசெம்பிரியாந்திமம்' என்றார். கிரேக்கத்தில் 'மெசெம்பிரியா' நண்பகல், 'ஆந்திமோன்' பூ. உச்சி வெயிலில் மலர்வதால் நண்பகல் பூ. பத்துமணிப்பூ, அந்திமந்தாரை என்று பொழுதை வைத்துப் பூவை அழைக்கும் நமக்கு இது அந்நியமாகப் படாது.

ஆனால் இருட்டிய பிறகு மலரும் இனங்களும் தெரியவந்தன. இரவில் பூப்பதை நண்பகல் பூ என்பது எப்படி? தாவர அறிஞர் தில்லேனியஸ் பெயரைத் தூக்கி எறியவில்லை. 'இ' ஒலிக்கு நின்ற ஐயோட்டாவை எடுத்துவிட்டு உப்சிலானை வைத்தார். மெசோஸ், எம்பிரியோன், ஆந்திமோன்: நடுவில் கரு உள்ள பூ. காதுக்குப் பழைய பெயர்தான். பொருள் முற்றிலும் வேறு. லின்னேயஸும் அந்த எழுத்தையே ஏற்க, அதுவே நிலைத்தது.

திருத்தம் சாமர்த்தியமானதுதான். ஆனாலும் எனக்குப் பிரெய்னேயின் பெயரே பிடிக்கும். நடுவில் சூலகம் உள்ள பூக்கள் எத்தனையோ; வெயிலுக்குக் காத்திருந்து விரிபவை சில.

அந்நாட்டின் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் இச்செடிகள் 'ஃபேக்கி', அதாவது குட்டி அத்தி. காயைப் பார்த்து வந்த பெயர். அந்தக் காயைத்தான் அருகில் பார்க்க வேண்டும். முற்றிக் காய்ந்து கட்டைபோல் இறுகியிருக்கும். மழை பட்டதும் சில நிமிடங்களில் மூடிகள் நட்சத்திரம்போல் விரியும். துளி விழும் வேகத்தில் விதைகள் தெறிக்கும். ஈரம் உலர்ந்தால் மறுபடி மூடிக்கொள்ளும்.

நம் வயல்களில் களையாக மண்டும் சாரணையும் இதே குடும்பம். அடுத்த முறை அதைப் பிடுங்கும்போது அதன் சதைப்பற்றான இலையை ஒரு கணம் விரலில் நசுக்கிப் பாருங்கள்.