ஐயத்திற்கு மருந்து: குருதி உறைவு மருத்துவம் வளர்ந்த வரலாறு

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையின் வடகோடியில், பேராக் எல்லைக்கு அண்மையில் இருப்பது கம்போங் ராஜா. புளூ வேலி தேயிலைத் தோட்டம் அதனை அடுத்தது. அத்தகைய மலையூர் ஒன்றில், வைரஸ் காய்ச்சல் கண்டு தணிந்த ஒருவருக்கு ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கலாம். மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தலும் இளைப்பும் தோன்றலாம். மருத்துவர் குருதிக் கட்டியோ என ஐயுற்று, படம் பிடித்து உறுதி செய்வதற்கு முன்பே உறைதலைத் தடுக்கும் ஊசியைப் போடுவதுண்டு. நோய் இன்னதென்று துணியாமலே மருந்தா என உறவினர் கேட்பது இயல்பே. அக்கேள்விக்குரிய விடை மருத்துவ வரலாற்றில் இருக்கின்றது.

பால் தயிராவதையும் குருதி கட்டியாவதையும் தமிழில் ‘உறைதல்’ என்னும் ஒரே சொல்லாற் குறிக்கின்றோம். காயம் பட்ட இடத்தில் குருதி உறைவது உயிர் காக்கும் செயல். காயமில்லாத நாளத்தினுள்ளே அது உறையுமாயின் கேடு விளையும். காலின் ஆழ்நாளத்தில் உண்டான கட்டி பெயர்ந்து, இதயத்தின் வலப்புற அறைகளைக் கடந்து, நுரையீரற் குழாயை அடைத்துவிடும். இவ்வுண்மையை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் விளக்கியவர் செருமானிய அறிஞர் ருடால்ஃப் விர்ச்சோ. குருதியோட்டம் தளர்தல், குழாய்ச் சுவர் கெடுதல், குருதியின் உறையுந்தன்மை மிகுதல் ஆகிய மூன்று காரணங்களும் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. வைரஸ் நோய் இம்மூன்றையும் ஒருங்கே தரவல்லது. படுக்கையிற் கிடத்தல் ஓட்டத்தைத் தளர்த்தும். அழற்சி குழாயின் உட்சுவரைத் தாக்கும். உறையச் செய்யும் பொருள்கள் குருதியில் மிகும்.

இனி, மருந்து பிறந்த கதையைக் காண்போம். 1916இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜே மக்லீன் என்னும் மருத்துவ மாணவர் குருதியை உறையச் செய்யும் பொருளைத் தேடினார். அவர் கண்டதோ உறைதலைத் தடுக்கும் பொருள். அவருடைய ஆசிரியர் வில்லியம் ஹவெல் ஆய்வைத் தொடர்ந்து, ஈரலிலிருந்து கிடைத்த ஒரு பொருளுக்கு 1918இல் ‘ஹெப்பாரின்’ எனப் பெயரிட்டார். ஈரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழிவந்த பெயர் அது. அதே 1918இல்தான் உலகை உலுக்கிய இன்ஃபுளுவென்சா மலாயாத் தோட்டங்களிலும் புகுந்து, தமிழ்த் தொழிலாளர் பலரை மாய்த்தது. பெயர் பெற்ற மருந்து மனிதருக்குப் பயன்பட மேலும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. கனடாவின் டொராண்டோ நகரில் சார்லஸ் பெஸ்ட் முதலியோர் அதனைத் தூய்மைப்படுத்திய பின்னரே அது நோயாளிகளை எட்டியது.

மற்றொரு மருந்து மாட்டுத் தொழுவத்திலிருந்து வந்தது. கெட்டுப்போன இனிப்புக் குளோவர்த் தீவனத்தைத் தின்ற மாடுகள் சிறு காயத்திலும் குருதி நில்லாமல் இறந்தன. 1933இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலக் குடியானவர் ஒருவர், கடும் பனிப்புயலில், இறந்த கிடாரியையும் பாற்குவளையில் உறையாத குருதியையும் பல்கலைக்கழகத்திற்கு எடுத்துச் சென்றார். அங்கிருந்த கார்ல் லிங்க் என்பாரின் ஆய்வுக்கூடம் அதற்குக் காரணமான பொருளை 1939இல் பிரித்தெடுத்தது. அதன் வழிவந்த ‘வார்ஃபரின்’ 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, 1950களில் மனிதருக்குரிய மாத்திரையாயிற்று.

மருந்து கிடைத்தது, அதனை எப்போது கொடுப்பது என்னும் வினா எஞ்சியது. இதற்கு விடை தந்தது, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பாரிட், ஜோர்டன் என்னும் இருவர் நடத்தி 1960இல் வெளியிட்ட ஆய்வு. நுரையீரலில் கட்டி அடைத்ததை அந்நாளில் படத்தால் எளிதிற் காண இயலாது. ஆகவே, குறிகளைக் கொண்டே அவர்கள் நோயைத் துணிந்தனர். மருந்து பெறாத 19 பேரில் ஐவர் அடைப்பால் இறந்தனர். வேறு ஐவருக்கு அடைப்பு மீண்டும் வந்தது. மருந்து பெற்ற 16 பேரில் அடைப்பால் இறந்தவர் ஒருவரும் இலர். ஒருவர் மட்டும் நுரையீரல் அழற்சியாலும் குடற்புண்ணின் குருதிப்போக்காலும் இறந்தார். தொகை சிறிதாயினும் பாடம் பெரிது. ஐயம் வலுத்தவிடத்துக் காத்திருத்தலே பெருங்கேடு என்பதை அது காட்டிற்று. மருந்துக்கும் ஒரு கேடு உண்டு என்பதை அந்த ஒருவரின் இறப்பு நினைவூட்டிற்று.

கோவிட் பெருந்தொற்றில் இப்பாடம் புதுப்பிக்கப்பட்டது. 2020 ஏப்ரலில் நெதர்லாந்து மருத்துவர்கள், தீவிர சிகிச்சையில் இருந்த 184 நோயாளிகளுள் 31 விழுக்காட்டினருக்குக் குருதி உறைவுத் தொல்லைகள் நேர்ந்தன என அறிவித்தனர். டெங்கியோ இதற்கு நேர்மாறானது. அது குருதித் தட்டுகளைக் குறைத்துக் குருதிப்போக்கையே தரக்கூடும். ஒரு காய்ச்சலுக்குக் காவலாகும் ஊசி மற்றொன்றிற் கேடாகலாம். ஆகவேதான் ஊசிக்கு முன் மருத்துவர் குருதித் தட்டுகளை எண்ணச் சொல்கின்றார். ‘டி-டைமர்’ என்னும் சோதனையும் உண்டு. குறி குறைந்தவரிடத்தில் அதன் அளவு இயல்பாக இருப்பின் கட்டி இல்லையெனத் தேறலாம். ஆனால் காய்ச்சலே அவ்வளவை உயர்த்தவல்லது. உயர்ந்தமை ஒன்றே கட்டிக்குச் சான்றாகாது. காலுக்கு ஒலியலைப் படமும் நுரையீரலுக்கு சி.டி. படமும் வேண்டும்.

இங்கேதான் மலைத்தோட்டத்தின் நிலை வேறுபடுகின்றது. 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பெற்ற காலத்தில், தொழிலாளரின் மருத்துவ வசதி தோட்ட முதலாளியின் பொறுப்பாக இருந்தது. நாளும் நோயாளியைக் கண்டவர் ‘டிரெசர்’ எனப்பட்ட மருத்துவ உதவியாளரே. அவர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965இல் தனிச்சட்டம் வந்தது. இன்று கம்போங் ராஜாவிலிருந்து தெற்கே பிரிஞ்சாங் வழியாகச் சென்றால் தானா ராத்தாவில் சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை உண்டு. மேற்கே சிம்பாங் பூலாய் வழியாக இறங்கினால் ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையை அடையலாம். இரண்டும் மலைச்சாலைகள், மண்சரிவு நேர்ந்தால் தடைப்படுவன. படத்திற்காகப் பயணம் செய்யும் நேரமெல்லாம் கட்டி வளர்வதற்கும் பெயர்வதற்கும் உரிய நேரம். குருதிப்போக்குக்கு இடமில்லையெனத் தெளிந்தபின் புறப்படுமுன்னரே போடப்படும் ஊசி, அவ்வழி நெடுகக் காவலாக உடன் செல்கின்றது. படத்தில் கட்டி இல்லையெனத் தெரிந்தால் மருந்து நிறுத்தப்படும்.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம், மருத்துவன் நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் எண்ணிச் செய்க என்கின்றது. அடுத்த குறளிலோ, மருத்துவத்தின் நான்கு உறுப்புகளுள் ஒருவராக, அருகிருந்து மருந்தளிப்பவரையும் சேர்த்திருக்கின்றது. தோட்டத்தில் அவ்விடம் டிரெசருக்கு உரியதாயிருந்தது. இன்று வீட்டாருக்கும் உரியது. காய்ச்சல் விட்டதென்று வாளாவிராமல், ஒரு கால் வீங்கினாலும் மூச்சு முட்டினாலும் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும், உண்ணும் பிற மருந்துகளையும் பழைய குடற்புண்ணையும் மறைக்காது சொல்வதும் அவர் கடமை. மருத்துவரின் ஐயம் பிறப்பதற்கு வேண்டிய செய்தி அவரிடமே உள்ளது.