கேடபுல்ட்டும் ஸ்கி-ஜம்ப்பும்: விமானம் தாங்கிக் கப்பல்கள் பிரிந்த வரலாறு

விமானம் தாங்கிக் கப்பல்களை ஒப்பிடுவோர் பெரும்பாலும் எடையையும் விமானங்களின் எண்ணிக்கையையும் பட்டியலிட்டு நின்றுவிடுகிறார்கள். இந்தியாவின் விக்ராந்த் சுமார் 45,000 டன். பிரான்ஸின் சார்ல் த கோல் சுமார் 42,000 டன். பட்டியலை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே தரத்துக் கப்பல்கள் என்றே தோன்றும். ஆனால் முதுகில் பெரிய வட்டத்தட்டைச் சுமந்த ஹாக்கை ரேடார் விமானம் பிரெஞ்சுக் கப்பலிலிருந்து அன்றாடம் எழும்புகிறது. விக்ராந்திலிருந்து எழும்ப வழியில்லை. பிரெஞ்சுக் கப்பலில் விமானத்தை இழுத்து எறியும் கேடபுல்ட் இருக்கிறது. விக்ராந்தில் முன்முனை மேல்நோக்கி வளைந்த ஸ்கி-ஜம்ப் தளம் இருக்கிறது. கடற்படைகளை இரு வகையாகப் பிரிப்பது இந்த வேறுபாடுதான் என்பது என் வாதம். கப்பல் எவ்வளவு தொலைவு பார்க்கும் என்பதையும் அதுவே முடிவு செய்கிறது.

தொடக்கத்தில் இப்பிரிவு இல்லை. 1910 நவம்பரில் யூஜின் எலி என்ற அமெரிக்க விமானி ஒரு போர்க்கப்பலில் அமைத்த பலகைத் தளத்திலிருந்து பறந்தார். இரண்டு மாதம் கழித்து இன்னொரு கப்பலில் இறங்கினார். குறுக்கே கட்டிய கயிறுகளும் அவற்றின் முனையில் இருந்த மணல் மூட்டைகளும் விமானத்தை நிறுத்தின. முதலிலிருந்தே விமானம் தாங்கியாக வடிவமைக்கப்பட்ட முதல் கப்பல் பிரிட்டனின் ஹெர்மிஸ். அது பணியில் சேருமுன் ஜப்பானின் ஹோஷோ 1922இல் முந்திக்கொண்டது. 1942 ஏப்ரல் 9 அன்று அதே ஹெர்மிஸை ஜப்பானியக் கப்பல்களிலிருந்து வந்த விமானங்கள் மட்டக்களப்புக்கு அருகே மூழ்கடித்தன. அன்று ஹெர்மிஸில் ஒரு விமானம்கூட இல்லை. எல்லாம் கரையில் நின்றன.

போருக்குப் பின் ஜெட் விமானங்கள் வந்தபோது பழைய தளங்கள் போதவில்லை. ஜெட்கள் கனமானவை, எழும்பவும் இறங்கவும் அவற்றுக்கு அதிக வேகம் வேண்டும். இச்சிக்கலை அவிழ்த்த மூன்று கருவிகளும் பிரிட்டிஷ் கடற்படையில் பிறந்தவை. டென்னிஸ் கேம்பெல் தளத்தைச் சற்றுக் கோணலாக அமைக்கச் சொன்னார். தளத்தின் குறுக்கே உள்ள நிறுத்துக் கம்பியைப் பிடிக்கத் தவறிய விமானம் முன்னே நிற்கும் விமானங்கள்மேல் மோதாமல் மீண்டும் பறந்துவிடலாம். நிக் குட்ஹார்ட், விமானிக்குச் சரியான இறங்குகோணத்தைக் காட்டும் கண்ணாடியை உருவாக்கினார். காலின் மிட்செலின் நீராவி கேடபுல்ட் 1950களின் தொடக்கத்தில் பெர்சியஸ் கப்பலில் சோதிக்கப்பட்டது. அமெரிக்கா மூன்றையும் எடுத்துக்கொண்டு தன் பெருங்கப்பல்களைக் கட்டியது. அங்கே இன்று கேடபுல்ட், 90 மீட்டர் சொச்சத் தூரத்துக்குள் இரண்டு மூன்று நொடியில் விமானத்தை மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோகிறது.

கண்டுபிடித்த பிரிட்டனோ அதைக் கைவிட்டது. 1966இல் புதிய பெரிய கப்பல் திட்டம் செலவு கருதி ரத்தானது. 1978 இறுதியில் கடைசிக் கேடபுல்ட் கப்பலான ஆர்க் ராயல் ஓய்வுபெற்றபோது கேடபுல்ட்டுடன் கேனட் ரேடார் விமானமும் போனது. அந்த வெற்றிடத்தில்தான் டக் டெய்லர் என்ற கடற்படை அதிகாரியின் யோசனை பயன்பட்டது. முனையை வளைத்துவிட்டால், குறுகிய ஓட்டத்திலேயே ஹாரியர் விமானம் கூடுதல் சுமையுடன் மேலேறும். இயந்திரம் வேண்டாம், நீராவி வேண்டாம், செலவும் குறைவு.

1982 ஃபாக்லாந்து போர் இரு முறைகளையும் ஒரே கடலில் சோதித்தது. அர்ஜென்டினாவின் வெய்ன்டிசின்கோ தெ மாயோ பழைய பிரிட்டிஷ் கப்பல், கேடபுல்ட் உண்டு. மே 2 அதிகாலை அது ஸ்கைஹாக் விமானங்களை ஏவக் காத்திருந்தது. காற்று ஓயாத தென் அட்லாண்டிக்கில் அன்று காற்று விழுந்துவிட்டது. கப்பலின் வேகமும் பழைய கேடபுல்ட்டும் சேர்ந்தும் குண்டு சுமந்த விமானத்தை எழுப்பப் போதவில்லை. அன்றே அர்ஜென்டினாவின் பெல்கிரானோ போர்க்கப்பல் மூழ்கடிக்கப்பட, விமானம் தாங்கி துறைமுகம் திரும்பியது. எதிர்ப்பக்கம், இரு பிரிட்டிஷ் கப்பல்களில் தொடக்கத்தில் இருந்த 20 சீ ஹாரியர்களில் ஒன்றுகூட வான்சண்டையில் வீழவில்லை. ஸ்கி-ஜம்ப்பின் வெற்றி என்று பலரும் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு நாள் கழித்து நடந்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மே 4 அன்று தாழப் பறந்துவந்த விமானங்கள் ஏவிய எக்ஸோசெட் ஏவுகணை பிரிட்டிஷ் போர்க்கப்பலான ஷெஃபீல்டைத் தாக்கியது. உயரத்திலிருந்து பார்க்கும் ரேடார் பிரிட்டிஷ் படையிடம் இல்லை. போருக்குப் பின் சீ கிங் ஹெலிகாப்டரில் ரேடாரைக் கட்டி ஈடுகட்டினார்கள். ஹெலிகாப்டர், ஹாக்கை அளவு உயரத்துக்கும் போகாது, அவ்வளவு நேரமும் நிற்காது.

சோவியத் யூனியன் வேறு வழியாக இதே இடத்துக்கு வந்தது. நிகோலாயெவ் கப்பல்தளத்தில் கட்டிய குஸ்னெத்சோவ் ஸ்கி-ஜம்ப்பும் நிறுத்துக் கம்பிகளும் கொண்டது. தளத்துக்கு அடியில் 12 கிரானித் ஏவுகணைகள். அடுத்துத் திட்டமிட்ட உல்யானோவ்ஸ்க்கில் கேடபுல்ட் வைக்க எண்ணினார்கள். நாடு கலைந்ததும் அது பாதியிலேயே உடைக்கப்பட்டது. குஸ்னெத்சோவின் முடிக்கப்படாத தங்கைக் கப்பலான வர்யாக், மிதக்கும் சூதாட்ட விடுதிக்கு என்று 1998இல் 2 கோடி டாலருக்கு விற்கப்பட்டு, இழுவைக் கப்பல்களால் 2002இல் சீனத்தின் தாலியன் சேர்ந்தது. 2012இல் லியாவோநிங் என்ற பெயரில் பணியில் சேர்ந்தது.

இந்தியாவின் கதையில் அதிகம் பேசப்படாத ஒரு திருப்பம் உண்டு. 1961இல் பணியில் சேர்ந்த முதல் விக்ராந்தில் நீராவி கேடபுல்ட் இருந்தது. 1971 டிசம்பரில் அதிலிருந்து சீ ஹாக், அலிஸே விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. 1980களின் பிற்பகுதியில் சீ ஹாரியருக்காக ஸ்கி-ஜம்ப் பொருத்தியபோது கேடபுல்ட் கழற்றப்பட்டது. ரேடார் சுமந்து கால் நூற்றாண்டாகக் கப்பலிலிருந்து பறந்த அலிஸே கரைக்குப் போனது. அந்த முடிவைக் குறை சொல்ல முடியாது; கப்பல் கிழடாகிவிட்டது, கையிலிருந்த விமானம் ஹாரியர். ஆனால் கேடபுல்ட்டை இயக்கும் பழக்கம் ஒரு தலைமுறையோடு அற்றுப்போனது. பின் வந்த விராட், 2013இல் ரஷ்யாவிலிருந்து வந்த விக்ரமாதித்யா, கொச்சியில் கட்டி 2022 செப்டம்பர் 2 அன்று பணியில் சேர்ந்த புதிய விக்ராந்த் ஆகிய மூன்றுமே ஸ்கி-ஜம்ப் கப்பல்கள். ரஷ்ய எஃகு கிடைக்காதபோது உள்நாட்டிலேயே போர்க்கப்பல் எஃகை உருவாக்கிக் கட்டியது பெருமைக்குரியது. ஆனாலும் அதன் வான்கண் காமோவ்-31 ஹெலிகாப்டர்தான். ஷெஃபீல்டுக்குப் பின் பிரிட்டன் கண்ட அதே ஈடு. 2025இல் ஒப்பந்தமான 26 ரஃபேல் மரைன் விமானங்களும் கேடபுல்ட்டுக்காகப் பிறந்தவை. வளைமுனையிலிருந்து அவை எழும்புமா என்று 2022 ஜனவரியில் கோவாவின் கரைத்தளத்தில் சோதித்துப் பார்த்த பிறகே வாங்கினோம்.

பிரிட்டனும் மீள முயன்றது. குயீன் எலிசபெத் வகைக் கப்பலில் கேடபுல்ட் பொருத்துவதாக 2010இல் அறிவித்து, செலவைக் கண்டு 2012இல் பின்வாங்கியது. சீனம் மட்டுமே ஸ்கி-ஜம்ப்பிலிருந்து கேடபுல்ட்டுக்குத் தாவியிருக்கிறது. லியாவோநிங்கில் கற்று, ஷாண்டோங்கைக் கட்டி, நீராவிக் கட்டத்தையே தாண்டி, மின்காந்த கேடபுல்ட் கொண்ட ஃபூஜியனை 2025 நவம்பரில் பணியில் சேர்த்தது. அதிலிருந்து கேஜே-600 ரேடார் விமானம் ஏவப்படும் காட்சிகள் வெளிவந்துவிட்டன. இந்தியாவின் அடுத்த கப்பலும் விக்ராந்தைப் போலவே இருந்தால் கொச்சியில் விரைவாகக் கட்டிவிடலாம், கட்டுவோர் கைத்திறனும் காப்பாற்றப்படும் என்ற வாதம் வலுவானது. ஆனால் அக்கப்பல் 2060களிலும் கடலில் இருக்கும். அதுவரை ஹெலிகாப்டரின் பார்வையே போதும் என்று தீர்மானிக்க, இதுவரை நடந்த போர்களில் எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.