நத்தைக் கறியும் சாமைச் சோறும்



கேட்டரிங் படித்துவிட்டுச் சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் நம் ஜவ்வாது மலைப் பிள்ளைகளை நினைத்து இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நியூயார்க்கில் 'செம்ம' என்று ஓர் உணவகம் இருக்கிறது. பெயரே நம் பிள்ளைகள் வாயில் புழங்கும் சொல்தான்! ரோனி மஜும்தார், சிந்தன் பாண்டியா என்ற இருவர் 2021-ல் தொடங்கியது. அடுப்படிக்குத் தலைவர் திண்டுக்கல் மாவட்டம் நத்தத்துக்காரரான விஜயகுமார். 2022-ல் அதற்கு மிஷெலின் நட்சத்திரம் கிடைத்தது. (மிஷெலின் என்பது பிரான்சு நாட்டு டயர் கம்பெனி. கார் வைத்திருப்பவர்களுக்காக 1900-ல் ஒரு வழிகாட்டிப் புத்தகம் போட்டார்கள். 1926-லிருந்து நல்ல உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கிறார்கள். டயர் விற்கப் போய்ச் சமையலுக்கு நீதிபதி ஆகிவிட்டார்கள்.) 2025-ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை அந்த நகரத்து உணவகப் பட்டியலில் 'செம்ம'வை முதலிடத்தில் வைத்தது. அதே ஜூன் மாதம் விஜயகுமார் வேட்டி கட்டிப் போய் ஜேம்ஸ் பியர்ட் விருது வாங்கினார்.

இது ஒரே நாளில் வந்ததல்ல. ஒரு காலத்தில் நம் நாட்டு நட்சத்திர ஹோட்டல்களிலேயே இந்தியச் சாப்பாடு என்றால் பெரும்பாலும் தந்தூரியும் நானும்தான். இட்லி, தோசை காலைப் பலகாரத்தோடு சரி. 1989-ல் சென்னை பார்க் ஷெரட்டனில் 'தக்ஷின்' திறந்தபோதுதான் நான்கு தென் மாநிலச் சமையலுக்கும் அப்படிப்பட்ட இடத்தில் தனி மேசை கிடைத்தது. அந்தச் சமையலறையை நடத்திய பிரவீன் ஆனந்த், வீடு வீடாகப் பழைய பக்குவங்களைத் தேடிப் போனவர். அதை நான் பெரிய வேலையாக மதிக்கிறேன். இருந்தாலும் ஏழை வீட்டுச் சட்டிக்கு அப்போதும் அங்கே பெரிதாக இடம் இல்லை.

அந்தச் சட்டியைத்தான் 'செம்ம' மேசைக்குக் கொண்டுவந்தது. அங்கே பேர்போனது நத்தைப் பிரட்டல். விஜயகுமார் சிறுவனாக இருந்தபோது வயலில் நத்தை பொறுக்கி வீட்டில் சமைப்பார்களாம். அதைப் பள்ளிக்கூடத்தில் சொல்ல வெட்கமாக இருந்தது என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பிறகு சமையற்கலை படிக்கப் போனால், பிரான்சில் நத்தை பெரிய மனிதர் சாப்பாடு என்று பாடம்!

இதைப் படித்ததும் நம் மலைதான் ஞாபகம் வந்தது. நான் அங்கே வேலை பார்த்த காலத்தில், வீட்டிலிருந்து சாமைச் சோறோ களியோ கட்டிவரும் பிள்ளைகள் தூக்குவாளி மூடியால் மறைத்துக்கொண்டு சாப்பிடுவார்கள். அரிசிச் சோறு கொண்டுவந்தவன் நடுவில் உட்காருவான். உங்களில் சிலருக்கு நினைவிருக்கும்.

வெட்கம் மட்டுமே சாமையைத் தள்ளிவிடவில்லை. உரலில் போட்டு உமி போகக் குத்துவது பெண்களுக்கு இடுப்பொடிக்கிற வேலை. 2008-ல் ரேஷனில் கிலோ ஒரு ரூபாய்க்கு வந்த அரிசி, 2011-ல் இலவசமாகவே வந்தது. யாரைக் குறை சொல்ல? 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது நகரத்துக் கடைகளில் சாமைக்கு மவுசு கூடியது. ஆனால் அதை ஆக்கத் தெரிந்த கைகளுக்கு வயதாகிக்கொண்டே போகிறது.

அதனால் உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது ஆயாவோடு அடுப்படியில் ஒரு நாள் முழுக்க உட்காருங்கள். சாமைச் சோறு, கேழ்வரகுக் களி, கொள்ளுக் குழம்பு, காட்டுக் கீரை எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து பார்த்து எழுதுங்கள். அளவு கேட்டால் கைக்கணக்கு என்பார்கள். விடாதீர்கள். அவர்கள் சட்டியில் போடுமுன் கையிலிருப்பதை ஒரு கிண்ணத்தில் வாங்கி அளந்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். திட்டு விழும், பரவாயில்லை. எழுதியதை எனக்கும் அனுப்புங்கள்.